கணுக்காலைத்தான் கேட்டார்

அடிபட்ட காலுக்குப் பட்டி சுற்றுவது எப்படி என்று நான் இங்கே சொல்லித்தரப் போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் முறையாகப் படித்துச் சான்றிதழோடு வந்திருக்கிறீர்கள். நான் வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு வாளி, ஒரு கத்தரிக்கோல், இரண்டு கை. அவற்றை வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் இந்தச் சுவிஸ் நாட்டு மைதானங்களில் வீரர்களின் கால்களைக் கவனித்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். நம் தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இப்போது இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது உண்மையில் மனம் குளிர்ந்தது. அவர்களில் ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்: "அங்கிள், உங்கட அனுபவத்தில முக்கியமான ஒண்டு சொல்லுங்கோவன்." தொலைபேசியில் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று பயந்து எழுதுகிறேன். எழுதினாலும் நீளத்தான் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் திறமையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழகத்தில் சேர்ந்த முதல் மாதம், மழையில் நனைந்த எட்டுத் தோல் பந்துகளைக் காயட்டும் என்று நான் பகலில் வேலை செய்த தொழிற்சாலையின் சூளைக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் எட்டும் தேங்காயாகியிருந்தன. அன்றைக்குப் பந்தைப் பிடித்தவர்கள் எல்லோரும் கையை உதறிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அந்த மாதிரிப் பிழைகளுக்கு ஒரு கிழமை நக்கல் அடிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். நீங்களும் நிறையச் செய்வீர்கள், கவலைப்படாதீர்கள். நான் சொல்ல வந்தது அப்படி மறந்துவிட முடியாத ஒன்று.

எண்பதுகளின் நடுப்பகுதி. லாங்கன்தாலில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் தட்டுகளைத் தரம் பிரிக்கும் பிரிவில் வேலை செய்தேன். சூளையிலிருந்து வரும் தட்டை ஒரு கையில் ஏந்தி மற்றக் கை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல தட்டு கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் பாதியில் செத்துப்போகும். அதை இரண்டாம் தரத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தட்டுகளைத் தட்டியிருப்பேனோ, கனவிலும் தட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பிரிவின் பொறுப்பாளர்தான் அந்த ஊரின் அமெரிக்கப் பந்தாட்டக் கழகத்துக்குப் பயிற்சியாளர். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இளமையில் இரண்டு வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு இந்த விளையாட்டை ஒரு காய்ச்சலைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தவர். ஒரு நாள் இடைவேளையில், சுளுக்கிய காலோடு நொண்டிய ஒரு தொழிலாளிக்கு நான் பட்டி சுற்றிவிட்டதைக் கண்டார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் எனக்கு விளையாட இடம் கிடைத்ததில்லை. பட்டி சுற்றத்தான் கூப்பிடுவார்கள். லாங்கன்தாலிலும் அதே கதைதான். அடுத்த சனிக்கிழமை நான் மைதானத்தில் நின்றேன்.

என் கைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பட்டியின் கடைசி நுனியை ஊசியால் குத்தமாட்டேன். வெற்றிலை மடிப்பதுபோல முக்கோணமாக மடித்து உள்ளே செருகிவிடுவேன். அவிழாது, குத்தாது. பயிற்சியாளருக்கு அது பெரிய அதிசயம். அவர் வாயில் யோகநாதன் நுழையாமல் நான் யோகா ஆகியிருந்தேன். அதனால் அந்த மடிப்புக்கு "யோகா மடிப்பு" என்று பெயர் வைத்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

நான் தங்கியிருந்த அறையில் தமிழர் நாலு பேர். மூத்தவர் சிவம் அண்ணை. அவருக்குத்தான் அகதி வழக்கு விசாரணை முதலில் நடந்தது. அதன்பிறகு அவர் எங்கள் எல்லோருக்கும் சட்டத்தரணி ஆகிவிட்டார். வெங்காயம் உரிக்கும்போதும் விசாரணைக்கு ஒத்திகை நடக்கும்.

"உன்ர பேர் என்ன?"

"யோகநாதன். ஊர் வந்து..."

"ஊரைக் கேட்டனானோ? பேரைத்தானே கேட்டனான்? கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. கூட ஒரு சொல் சொன்னியெண்டால் அதிலயிருந்து பத்துக் கேள்வி முளைக்கும்."

அந்த நாட்களில் இங்கே வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடம் தெரியும். அதில் பிழையும் இல்லை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரின் தட்டச்சு இயந்திரத்துக்கு உங்கள் வாழ்க்கையைச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். எனக்கும் விசாரணை முடிந்திருந்தது. தலைநகர் பெர்னிலிருந்து முடிவுக் கடிதம் வரவேண்டும். தபால்காரரின் மஞ்சள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த விளையாட்டில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவன் ஒருவன் இருப்பான். ரன்னிங் பேக் என்பார்கள். நான் ஓட்டக்காரன் என்றே எழுதுகிறேன். நம் ஊர்க் கிளித்தட்டு விளையாட்டில் மறிக்கிறவனை ஏய்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குள் பாய்கிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே தொட்டால் போதாது, விழுத்துவார்கள். அவனுக்கு வழி திறந்துவிட முன்னால் சுவர்போல நிற்கிற பெரிய உடம்புக்காரர்கள் தடுப்பாளர்கள்.

எங்கள் வட்டாரத்தில் ஐந்து கழகங்கள். சம்பளத்துக்கு விளையாடும் அமெரிக்கர்களை ஒவ்வொரு கழகமும் நாலு பேர் வைத்துக்கொள்ளலாம். வசதியான கழகம் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க ஓர் ஒழுங்கு செய்திருந்தார்கள். ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை, வந்திருக்கும் அத்தனை பேரையும் ஓடவிட்டுப் பார்ப்பது. மறுநாள் காலை கழகங்கள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்வது. நாலு சுற்று. முந்திய வருடம் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. அந்த வருடம் வந்தவர்கள் இருபத்தாறு பேர். எடுபடாத ஆறு பேருக்குத் திங்கட்கிழமை விமானம். கடைசியாக வந்த கழகம் எது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருந்த பதுங்கு அறையில் தங்கவைத்தார்கள். இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கீழே, யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ள, அப்படி ஒன்று இருக்கும். நான் வந்த புதிதில் ஏழு கிழமை அதே அறையில் இருந்தவன். சனிக்கிழமை விடியவே என் மேசையைக் கொண்டுபோய் அங்கே போட்டேன். கால்கள் வரிசையாக வந்தன. ஆறாவதோ ஏழாவதோ வந்த ஓட்டக்காரன்தான் கர்டிஸ்.

கர்டிஸ் ஆங்கிலத்தில் பேசியதையும் பயிற்சியாளர் சுவிஸ் ஜெர்மனில் பேசியதையும் என் தமிழில்தான் எழுத முடியும். அதனால் இருவரும் யாழ்ப்பாணத்தார் மாதிரிக் கதைப்பார்கள். அது என் குறை, அவர்களுடையது அல்ல.

அவன் மேசையில் ஏறி உட்கார்ந்து முதலில் என் பெயரைக் கேட்டான். யோகா என்றேன். "முழுப் பேரைச் சொல்லு" என்றான். மூன்று தரம் சொல்லிப் பார்த்து, நாலாந்தரம் யோகநாதன் என்று பிசகாமல் சொன்னான். அந்த ஊரில் ஒன்றரை வருடத்தில் என் பெயரை யாரும் முழுதாகச் சொல்லிக் கேட்டதில்லை. அப்போதே அவன் என் ஆளாகிவிட்டான், மறைக்க என்ன இருக்கிறது.

இரண்டு கணுக்காலையும் சுற்றி முடித்தேன். அவன் இறங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடது காற்சட்டையை மேலே இழுத்தான். முழங்கால் வீங்கியிருந்தது. உள்பக்கத்தில் ஒரு பழைய தழும்பு. தொட்டேன். மடக்கி நீட்டச் சொன்னேன். நீட்டும்போது உள்ளே ஏதோ ஓரிடத்தில் தடக்கியது. தட்டைத் தட்டும்போது சத்தம் பாதியில் சாகும் என்றேனே, கைக்கு அப்படித்தான் இருந்தது.

"இதையும் சுத்திவிடு. காற்சட்டைக்கு மேல தெரியக்கூடாது," என்றான்.

"இதோட ஓடலாமோ?"

"ஓடுவன். ஒருத்தருக்கும் சொல்லாதை."

பிறகு கேளாமலே சொன்னான். அவன் நாட்டிலும் இப்படித் தெரிவு நடக்கும், இதைவிட நூறு மடங்கு பெரிதாக. பெயர் வந்தால் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். இரண்டு நாள் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தானாம். குளிக்கக்கூடப் போகவில்லை. மணி அடிக்கவில்லை.

"இஞ்சயும் ஒருத்தரும் என்ர பேரைக் கூப்பிடாட்டி இனி இந்தப் பந்தைத் தொடமாட்டன்," என்றான்.

அவன் தொலைபேசிக்குக் காத்திருந்தவன், நான் தபாலுக்குக் காத்திருந்தவன். வேறு என்ன செய்வேன்? சுற்றினேன். வழக்கம்போல நுனியை மடித்துச் செருகினேன்.

அன்று அவன் ஓடியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக வருகிறது. மற்ற ஓட்டக்காரர்கள் ஆட்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். இவன் ஆட்களுக்கு நடுவே, அங்கே வழியே இல்லாத இடத்தில், ஒருக்களித்து நுழைந்து மறுபக்கம் வந்தான். பயிற்சியாளர் தன்னை மறந்து கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். அவர் எழுந்ததை நான் பார்த்தேன், கழகத் தலைவரும் பார்த்தார்.

பின்னேரம் உடைமாற்றும் அறையில் விவாதம் தொடங்கியது. நான் பட்டிகளைச் சுருட்டிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன். கழகத் தலைவர் ஊரில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர், பெரிய குரல், பெரிய மனது.

"முதல் தெரிவு அந்தப் பெடியன்தான். இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றார்.

"யோசிக்கத்தான் வேணும்," என்றார் பயிற்சியாளர். "இருபத்தாறு பேரில ஓடுறவங்கள் ஒன்பது பேர். சுவர் மாதிரி நிக்கிறவங்கள் மூண்டு பேர்தான். அதிலயும் கெட்டிக்காரன் அந்த நெட்டையன் ஒருத்தன்தான். அவனை விட்டால் பிறகு கிடையாது. ஓடுறவனை மூண்டாம் சுத்திலயும் எடுக்கலாம்."

"சனம் சுவரைப் பாக்கவோ வரும்? ஓடுறவனைப் பாக்கத்தான் வரும்."

"சுவர் இல்லாட்டி அவன் எங்கால ஓடுறது? ஒரு ஆட்டத்தில இருபது தரம் அவனை விழுத்துவாங்கள். ஓடுறவன்ர கால் எவ்வளவு நாளைக்கு?"

"ஒன்பது பேர் எண்டு சொன்னீர். எட்டுப் பேர் ஓடினவங்கள். இவன் ஒருத்தன் என்ன செய்தவன் எண்டு நீரே எழும்பி நிண்டு பாத்தனீர்."

பயிற்சியாளர் கையிலிருந்த காகிதத்தில் எதையோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். அந்த வாதம் இன்றைக்கும் நடக்கிறது. நீங்களும் எத்தனையோ தரம் கேட்பீர்கள். பளபளவென்று இருப்பவனை முதலில் எடுப்பதா, அவன் நிற்க இடம் செய்து கொடுப்பவனை முதலில் எடுப்பதா என்று. அறிவு ஒரு பக்கம் இழுக்கும், ஆசை மறுபக்கம். அந்த நேரத்தில் உங்கள் கையில் மட்டும் இருக்கும் ஒரு செய்தி எவ்வளவு பாரமானது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நான் பட்டியைச் சுருட்டிக்கொண்டேயிருந்தேன்.

ஞாயிறு காலை, தெரிவு தொடங்கக் கால்மணி நேரம் இருக்கும்போது பயிற்சியாளர் என்னைத் தேடி வந்தார். நான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"யோகா, அவன்ர கால் உம்மட கையிலதானே இருந்தது. கணுக்கால் எப்பிடி?"

"கணுக்கால் நல்லம்."

"ரெண்டும்?"

"ஓம், ரெண்டும் நல்லம்."

அவர் உடனே போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். நான் பொய் சொல்லவில்லை. கணுக்கால் இரண்டும் கல்லுப்போல இருந்தன. முழங்காலை அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு மறுமொழி சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை; அது அப்போது என் எலும்புக்குள் இருந்தது. இரண்டு நாள் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தவனை நான் காப்பாற்றுகிறேன் என்றும் நினைத்தேன். "சரி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

முதல் பெயராகக் கர்டிஸை வாசித்தார்கள். அவன் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து எழுந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். நெட்டையன் அடுத்த கழகத்துக்குப் போனான்.

அடுத்த இரண்டு கிழமையும் கர்டிஸ் பின்னேரங்களில் எங்கள் அறைக்கு வந்தான். சிவம் அண்ணை புட்டும் செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் வைத்தார். முதல் வாய் சம்பலில் கண்ணீர் ஓடியது, ஆனாலும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி இன்னும் கேட்டான். அண்ணைக்கு அவனில் ஒரே வாரப்பாடு, அவ்வளவு பாசம். "உவன் எங்கட ஆள்தான், மாறிப் பிறந்திட்டான்," என்பார். அவன் கதிரையில் இருக்கும்போது இடது காலை நீட்டியே வைத்திருப்பதை நான் மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் களஞ்சிய அறைக்குள் வைத்து அந்த முழங்காலைச் சுற்றினேன்.

முதல் ஆட்டம் எங்கள் ஊரில். தலைவர் சொன்னதுபோலச் சனம் வந்தது. முதல் பாதியில் கர்டிஸ் இரண்டு தரம் எல்லைக் கோட்டைக் கடந்து புள்ளி எடுத்தான். சனம் கத்திய கத்தில் பக்கத்துத் தோட்டத்து மாடுகள் மிரண்டன. இரண்டாம் பாதியில் எங்கள் பக்கத்துச் சுவர் களைத்துவிட்டது. பந்து அவன் கைக்கு வந்தபோது முன்னால் வழி திறக்க ஒருவரும் இல்லை. மூன்று பேர் ஒன்றாக அவன்மேல் விழுந்தார்கள். இரண்டு பேர் எழுந்தார்கள், மூன்றாமவனும் எழுந்தான். கர்டிஸ் எழவில்லை.

வாளியோடு ஓடினேன். எனக்கு முன்னமே பயிற்சியாளர் முழந்தாளிட்டிருந்தார். கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கி, காற்சட்டையை முழங்காலுக்கு மேல்வரை நீளமாக வெட்டினார். உள்ளே பட்டி இருந்தது. நுனியில் முக்கோண மடிப்பு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடிப்பை விரலால் இழுத்து அவிழ்த்துவிட்டு, "தூக்கிறதுக்குப் படங்குக் கட்டிலைக் கொண்டு வாரும்" என்றார். நான் ஓடினேன்.

வைத்தியசாலை நடையில் இரண்டு கதிரை. ஒன்றில் அவர், ஒன்றில் நான். கழகத்தில் இனி எனக்கு இடமில்லை, தொழிற்சாலையிலும் என்ன ஆகுமோ என்று மனம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த முழங்கால்தான் என்னைத் தின்றது.

"உமக்குத் தெரியும்," என்றார்.

"ஓம்."

"எப்ப இருந்து?"

"முதல் நாள் தொட்டு."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் கணுக்காலைத்தான் கேட்டனீங்கள்."

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழுகிறது என்று எனக்கே கேட்டது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நான் ஃபிரெம்டன்பொலிட்சை இல்லை, யோகா," என்றார்.

ஃபிரெம்டன்பொலிட்சை என்றால் வெளிநாட்டவர் விவகாரங்களைப் பார்க்கும் பொலிஸ். எங்களைக் கேள்வி கேட்கிறவர்கள். அவர் அதைச் சொன்ன விதத்தில் குற்றச்சாட்டு இல்லை, ஒரு மனவருத்தம் மட்டும் இருந்தது. எனக்கு அடித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். அன்றைக்கு எழுதி அழித்த அதே பட்டியல். முதல் வரியில் நெட்டையனின் பெயர் வெட்டப்பட்டு, பக்கத்தில் கர்டிஸ், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மூன்றாவது வரியிலும் கர்டிஸின் பெயர் இருந்தது.

"நீர் சொல்லியிருந்தால் அவனை வீட்டை அனுப்பியிருப்பன் எண்டு நினைச்சனீரோ? முதல் வரியிலயிருந்து மூண்டாம் வரிக்குப் போயிருப்பான். அவ்வளவுதான். மற்றக் கழகங்கள் மூண்டாம் சுத்துக்கு முன்னம் ஒரு ஓட்டக்காரனையும் எடுக்கேல்ல. எனக்கு நெட்டையனும் கிடைச்சிருப்பான், இவனும் கிடைச்சிருப்பான். முழங்காலுக்கு ரெண்டு மாதம் ஓய்வு குடுத்திருப்பன்."

நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் ஒருவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. உண்மை ஒரு பெயரை இரண்டு வரி கீழே இறக்குவதோடு நின்றுவிடும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

"பிழை உம்மடை மட்டும் இல்லை," என்றார் காகிதத்தை மடித்துக்கொண்டு. "அவன் பதுங்கு அறைப் படியில ஒவ்வொரு படியாக் கால் வைச்சு இறங்கினதை நான் கண்டனான். கண்டும் கணுக்காலைக் கேட்டன். முழங்காலைக் கேட்டால் நீர் என்ன சொல்லுவீர் எண்ட பயம். எனக்கு அவனை முதல் எடுக்க ஆசையாக் கிடந்தது."

பிள்ளைகளே, இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள். ஆசை வந்துவிட்டால் கேட்பவர் கேள்வியைச் சின்னதாக்கிவிடுவார். அப்போது மறுமொழியைப் பெரிதாக்க வேண்டியது நீங்கள்தான். அந்தக் கால் உங்கள் கையில் இருந்தது, அவர் கையில் இல்லை.

சிவம் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மடையா! அங்க விசாரணையில சொல்லச் சொன்னதை இஞ்ச கொண்டுவந்து சொல்லியிருக்கிறாய். உனக்குச் சோறு போடுறவனும் கேள்வி கேக்கிறவனும் ஒரே ஆளோ?"

பிறகு அவரே ஒரு பாத்திரத்தில் புட்டைக் கட்டித் தந்து வைத்தியசாலைக்கு அனுப்பினார். அறைக்குள் எனக்கு முன்பே இறைச்சிக்கடைத் தலைவர் ஒரு கூடை நிறையத் தொத்திறைச்சியோடு இருந்தார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், பருவம் முடியுமட்டும் நீ எங்கள் ஆள் என்று கர்டிஸிடம் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். தாதி வந்து அவரை அடக்கினாள்.

அவர் போனபிறகு நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அழுதுவிட்டேன். கர்டிஸ் என்னை வினோதமாகப் பார்த்தான்.

"கால் என்ர. நீ ஏன் அழுறாய்?"

"நான் சொல்லியிருக்க வேணும்."

"நான்தானே சொல்லாதை எண்டனான்."

"நீ சொல்லாதை எண்டாலும் சொல்லியிருக்க வேணும்."

"ஓம்," என்றான். "சொல்லியிருக்கலாம்." கோபமில்லாமல்தான் சொன்னான். பிறகு பாத்திரத்தைத் திறந்து மோந்து பார்த்து, சம்பல் எங்கே என்று கேட்டான்.

சவ்வுதான் கிழிந்திருந்தது. வெட்டித் தைத்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவன் தடியூன்றிக்கொண்டு மைதானத்தில் நின்று கழகத்துப் பையன்களுக்கு ஓடப் பழக்கினான். பகலில் தொழிற்சாலையில் எனக்கு எதிர் மேசையில் இருந்து தட்டுகளைப் பொதி செய்தான். நாங்கள் அந்த வருடம் மூன்றாவதாக வந்தோம். என்னை யாரும் கழகத்திலிருந்து விலக்கவில்லை. பயிற்சியாளர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வந்து, "கணுக்கால்?" என்று மட்டும் கேட்பார். நான் தலையிலிருந்து பெருவிரல் வரைக்கும் சொல்லத் தொடங்குவேன். போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிடும்வரை விடமாட்டேன்.

அடுத்த வருடமும் அதே மண்டபம், அதே ஒழுங்கு. விதிப்படி எல்லா அமெரிக்கர்களும் மறுபடி பொதுப் பட்டியலுக்குப் போகவேண்டும். கர்டிஸும் போனான். வைத்தியர் ஓடலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் ஒரு பருவம் ஓடாத ஓட்டக்காரனை யார் எடுப்பார்கள்? சனிக்கிழமை அவன் நன்றாக ஓடினான். போன வருடத்து வித்தை இல்லை, நன்றாக மட்டும் ஓடினான்.

ஞாயிறு காலை, மண்டபத்து ஓரத்தில் போட்டிருந்த என் மேசைக்குப் பயிற்சியாளர் வந்தார். கர்டிஸ் மேசைமேல்தான் இருந்தான்.

"யோகா, கணுக்கால் எப்பிடி?" என்றார், முகத்தை மாற்றாமல்.

கர்டிஸ் என்னைப் பார்த்தான். இந்தத் தரம் அவன் ஒன்றும் சொல்லாதே என்று கேட்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். கையிலிருந்த பட்டியைக் கீழே வைத்தேன்.

"கணுக்கால் நல்லம்," என்றேன். "முழங்கால் முழுசாச் சரிவரேல்ல. அரை ஆட்டத்துக்கு நிக்கும். மழை ஈரத்தில ஓடினால் அண்டைக்கு இரவே வீங்கும். அடுத்தடுத்த கிழமை ரெண்டு ஆட்டம் விளையாடக்கூடாது. வலது பக்கம் திரும்பி ஓடப் பயப்பிடுறான், அது மனப்பயம், ரெண்டு மாதத்தில போகும். ஆனால் பையன்களுக்கு இவனைப்போலப் பழக்க ஆள் இல்லை."

பயிற்சியாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். கர்டிஸ் மேசையிலிருந்து இறங்கி போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், வேறெங்கே உட்காருவது?

முதல் சுற்றில் எங்கள் கழகம் ஒரு தடுப்பாளனை எடுத்தது. இரண்டாம் சுற்றிலும் தடுப்பாளன். மூன்றாம் சுற்றில் பந்து எறிகிற ஒருவன். மூன்று சுற்றிலும் மற்றக் கழகங்களும் இவன் பெயரை எடுக்கவில்லை. கர்டிஸ் கைகளை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். தொலைபேசிக்குப் பக்கத்தில் எப்படி இருந்திருப்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் அவனை அங்கே மறுபடி கொண்டுபோய் உட்காரவைத்தேன் என்று நினைத்தேன்.

நாலாம் சுற்று. முதல் கழகம் வேறொருவனை எடுத்தது. இரண்டாவது கழகமும். பயிற்சியாளர் எழுந்து, காகிதத்தைப் பார்க்காமல், அவன் பெயரைச் சொன்னார்.

கர்டிஸ் எழவில்லை. போன வருடம்போலத் தலையில் கையை வைக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பினான்.

"போன முறை முதலாவதாக் கூப்பிட்டாங்கள். அண்டைக்குப் பூரா, எப்ப கண்டுபிடிப்பாங்களோ எண்டு பயந்துகொண்டிருந்தன்," என்றான். "இப்ப எல்லாம் தெரிஞ்சும் கூப்பிட்டிருக்கிறாங்கள், யோகநாதன்."

பிறகு எழுந்து என் மேசைக்கு நடந்தான். ஏறி உட்கார்ந்து, இடது காற்சட்டையை எல்லோரும் பார்க்க முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டான். நான் பட்டியை எடுத்தேன்.